கண்ணுக்கு விடியிற நேரம்

டோபமின் என்ற சொல்லை நம்ம வயசுக்காரங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்? ரீல்ஸ் பார்த்தா டோபமின். லைக் விழுந்தா டோபமின். பரீட்சைக்கு முன்னாடி போனை அலுமாரியில வச்சுப் பூட்டினா அதுக்குப் பேரு டோபமின் டிடாக்ஸ். மூளைக்குள்ள யாரோ ஒருத்தர் சீனி டப்பாவோட உட்கார்ந்திருக்கிற மாதிரியும், நாம எதையாவது தட்டினா வாயில ஒரு கரண்டி போடுற மாதிரியும்தான் பேச்சு.

நான் சொல்லப் போறது அதே இரசாயனத்தைப் பற்றித்தான். ஆனால் இடம் வேறு. நம் கண்ணின் பின்பக்கம், விழித்திரையிலும் டோபமின் சுரக்கிறது. அங்கே அதுக்கு ஆசையும் தெரியாது, லைக்கும் தெரியாது. "பொழுது விடிஞ்சிருச்சு, பகல் வேலைக்கு மாறு" என்று கண்ணுக்குச் சொல்வதுதான் அதன் முக்கியமான வேலை. அந்தச் செய்தி சரியாக வராவிட்டால் ஒரு மனுசனுக்கு என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் பல வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அப்பா இறப்பர் பால் வெட்டுறவர். கேகாலை மாவட்டம், எட்டியாந்தோட்டைப் பக்கம். மலையகம் என்றாலே கொழுந்துக் கூடையைத்தான் எல்லாரும் படம் போடுறாங்க. எங்க பக்கத்தில் கூடையோடு சேர்த்து வாளியும் உண்டு. பால் வெட்டுறதுக்கு விடிகாலையில் மலைக்குப் போயாகணும். வெயில் ஏறி இலை நீரை விட ஆரம்பித்தால் மரத்துக்குள் இருக்கிற அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதனால் பட்டைக்குள் அழுத்தம் நிறைந்திருக்கிற அந்த நேரத்துக்குள் வெட்டிவிட வேண்டும். ஒரு ஆளுக்கு ஏறத்தாழ 300 மரம்.

வெட்டு என்றால் வெட்டு இல்லை, சீவுறது. நேற்று முன்தினம் சீவின கோட்டுக்குக் கீழே ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்குப் பட்டையைச் சீவி எடுக்கணும். பால் ஓடுகிற குழாய்கள் அதிகமாக இருப்பது பட்டையின் உள்பக்கம். அதனால் கத்தி ஆழமாகப் போகணும். ஆனால் மரத்தைத் தொடக்கூடாது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய வளரும் படைக்கு ஒரு மில்லிமீற்றர் முன்னால் கத்தி நிற்கணும். தாண்டினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, முண்டு முண்டாக வரும், பிறகு அந்த இடத்தில் வெட்டவும் முடியாது. இந்த ஒரு மில்லிமீற்றர் கணக்கை 300 மரத்தில், அரை இருட்டில் பார்க்கிறதுதான் அப்பாவின் தொழில். 25 வருசம் பார்த்தார்.

நான் ஹட்டனில் விடுதியில் நின்று ஏ.எல். படித்துக்கொண்டிருந்தபோது தொடங்கியது. (எங்க பக்கத்தில் தமிழில் பயோ படிக்க ஆசைப்பட்டா பெட்டியைக் கட்டத்தான் வேணும். அது தனிக் கதை, இன்னொரு நாளைக்கு.) லீவுக்கு வந்தபோது அம்மா சொன்னார், "அப்பா மரத்தைக் காயம் பண்றாராம். கேபி ஐயா ரெண்டு தடவ வந்து பேசிட்டுப் போயிட்டாரு." அப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு.

"இருட்டுல எனக்கு ஒன்னும் இல்ல பாப்பா. பாதை தெரியுது, மரம் தெரியுது. விடிஞ்சப்பொறவுதான் கஷ்டம். மரம் தெரியும், வெட்டுக்கோடு தெரியாது. பட்டையும் கோடும் ஒரே பூசா பூசின மாதிரி இருக்கு."

விடிந்த பிறகு தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் யார் நம்புவார்? லயத்தில் சிலர் வயசாச்சு என்றார்கள். சிலர் வேலைக்குக் கள்ளம் என்றார்கள். அப்பாவுக்கு அப்போது 54.

கண் கிளினிக்குக் கூட்டிப்போனோம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு அட்டை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீங்க. வெள்ளை அட்டையில் கறுப்பாக ஆங்கில ஈ எழுத்து நாலு பக்கமும் திரும்பி நிற்கும். எந்தப் பக்கம் வாயைத் திறந்திருக்கிறது என்று கையால் காட்டணும். அப்பா கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் பிழையில்லாமல் காட்டினார். "பேனவாத?" என்று கேட்டார்கள். தெரியுதா என்று அர்த்தம். "பேனவா" என்றார் அப்பா. தெரியுதுதானே, பொய் இல்லையே. ஆனால் "தெரியுது, விளிம்புதான் பிரியல" என்று சொல்ல அவரிடம் சிங்களமும் இல்லை, அதைக் கேட்க அங்கே நேரமும் இல்லை. கண்ணில் குறையில்லை என்று துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டு தோட்டத்தில் அவருக்கு எதிரான சாட்சியாகிப் போனது. கண் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் காயம்?

இங்கே கொஞ்சம் விழித்திரைக்குள் போய் வரணும்.

பாடப்புத்தகத்தில் கோல்கள், கூம்புகள் என்று படித்திருப்போம். ஏறத்தாழ 100 மில்லியன் கோல்கள். அவை மங்கின வெளிச்சத்துக்கு, நிறம் தெரியாது. கூம்புகள் 5 மில்லியன் அளவில். பகலுக்கு, நிறத்துக்கு, நுணுக்கத்துக்கு. பரீட்சைக்கு இது போதும். ஆனால் இவற்றுக்குப் பின்னால் இன்னும் பல வகை நரம்புக் கலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கடைசியில் மூளைக்குப் போகிற நார்கள் சுமார் ஒரு மில்லியன்தான். 100 மில்லியனுக்கு மேற்பட்ட வாயில் வருகிற பேச்சை ஒரு மில்லியன் வாயால் சொல்லணும். அதனால் எதைச் சேர்த்துச் சொல்வது, எதைப் பிரித்துச் சொல்வது என்று விழித்திரையே தீர்மானிக்கிறது. கண் ஒரு கமரா என்று சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த இடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

லயத்துக் காம்பராவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது லேசு. பழைய லயங்களில் இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ராத்திரியில் ஒரு பிள்ளை மெதுவாக இருமினாலும் லயமே கேட்கும். ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்வது கஷ்டம். சத்தம் பிடிபடும், இடம் பிடிபடாது. இருட்டில் விழித்திரை இப்படித்தான் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கலங்களுக்கு நடுவே நுண்ணிய வாசல்கள் உண்டு. இரவில் அவை திறந்திருக்கும். கோல்களும் கூம்புகளும்கூட ஒன்றோடொன்று தொடுப்பில் இருக்கும். ஒரு கலத்துக்குக் கிடைத்த துளி வெளிச்சத்தை அக்கம்பக்கம் எல்லாம் பகிர்ந்துகொள்ளும். அதனால்தான் நட்சத்திர வெளிச்சத்தில்கூடப் பாதை தெரிகிறது. நுணுக்கம் மட்டும் கிடையாது.

பகலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அப்போது பகிர்ந்துகொண்டிருந்தால் எல்லாம் கலங்கிப்போகும். ஒவ்வொரு கலமும் தன் இடத்துச் செய்தியைத் தனியாகச் சொன்னால்தான் இந்தப் பக்கம் பட்டை, அந்தப் பக்கம் கோடு என்று விளிம்பு பிரியும். அந்த வாசல்களைச் சாத்துகிற கை டோபமின். சுவரைக் கூரை வரைக்கும் உயர்த்துகிற மாதிரி. இரவில் மெலடோனின் எதிர்ப்பக்கம் இழுக்கிறது, டோபமின் குறைகிறது, வாசல்கள் மறுபடி திறக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்த விசயம், டோபமின் சுரக்கிற கலங்கள் ரொம்பக் கொஞ்சம் என்பது. அமக்ரின் கலங்கள் என்ற கூட்டத்தில் ஒரு சிறு பிரிவு. எலியின் விழித்திரையில் எண்ணினால் சில நூறுதான் தேறும். அவ்வளவு பெரிய ஊருக்கு இவ்வளவு கொஞ்சம் பேர் எப்படிச் செய்தி சொல்கிறார்கள்? வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதில்லை. கலங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் டோபமினைக் கலந்து விடுகிறார்கள், அது பரவிப் போகிறது. அந்தக் காலத்தில் பெரட்டுக்குத் தப்பு அடிப்பாங்க என்று அப்பாயி சொல்லும். ஒருத்தர் மேட்டில் நின்று அடித்தால் மலை முழுக்க எழும்பும். அதேதான்.

தப்புக்காரர் சூரியனைப் பார்த்துத்தான் அடிப்பார் என்றும் இல்லை. விழித்திரைக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. 2008இல் ரிபெலைகா, மாங்கெல் குழுவினர் தங்கமீனின் விழித்திரையில் காட்டினார்கள்: முழு இருட்டில் வைத்திருந்தாலும், பகல் நேரம் என்றால் கோலுக்கும் கூம்புக்கும் இடையிலான தொடுப்பு தளர்ந்திருக்கிறது, இரவு நேரம் என்றால் இறுகியிருக்கிறது. அதாவது அப்பா விடியற்காலையில் பிளேன்டீ குடித்துவிட்டு இறங்கும்போது கண்ணும் உள்ளுக்குள் பெரட்டுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்.

இந்தக் கைமாற்றத்தை நீங்களே பார்க்கலாம். சீசனில் இரத்தினபுரிப் பக்கமாக, பலாபத்தல வழியே சிவனொளிபாதமலை ஏறினவர்கள் பார்த்திருப்பார்கள். நடுச்சாமத்தில் லைட்டை அணைத்துவிட்டு நின்றால் காடு சாம்பல் நிறம். கிழக்கு வெளுக்கிறபோது முதலில் இலைகள் கண்ணுக்கு வெளிச்சமாகும், சிவப்புப் பூ இன்னும் கறுப்பாகவே நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிவப்பு எழும்பும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு புர்க்கிஞே விடிகாலையில் பூக்களைப் பார்த்து இதை எழுதி வைத்தார். இன்றும் அவர் பேரில்தான் இது வழங்குகிறது. கோல்களுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது, பச்சை-நீலப் பக்கம்தான் அவற்றின் கூர்மை. இரத்தினபுரித் தெருவில் கல் வியாபாரிகள் நீலத்தையும் சிவப்பையும் பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து விலை பேசுவதற்கும் கூம்புகள் முழிச்சிருக்கணும்.

சரி, தப்புக்காரர் வேலைக்கு வரவில்லை என்றால்? 2012இல் அமெரிக்காவில் ஒரு குழு, விழித்திரையில் மட்டும் டோபமின் தயாராகாதபடி எலிகளை வளர்த்துச் சோதித்தது. அந்த எலிகளுக்கு இருட்டில் கோல்கள் வழக்கம்போல வேலை செய்தன. வெளிச்சத்துக்குப் பழகின பார்வைதான் கெட்டிருந்தது. நுணுக்கம் குறைந்தது. சாம்பலுக்குச் சாம்பல் வேறுபாடு பிரிப்பதும் குறைந்தது. டோபமினாக மாறக்கூடிய எல்-டோப்பாவைக் கொடுத்தபோது பார்வை மீண்டது.

இதை நான் கம்பஸ் நூலகத்தில் முதல் தடவை வாசித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். இருட்டில் சரி, வெளிச்சத்தில் கெட்டது. "இருட்டுல எனக்கு ஒன்னும் இல்ல பாப்பா."

அதற்கு முன்பே அப்பாவின் வலது கை ஆடத் தொடங்கியிருந்தது. சோறு பிசையும்போது இல்லை, சும்மா மடியில் வைத்திருக்கும்போது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுகிற மாதிரி. நடை சுருங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டொக்டர் பார்த்துவிட்டு பார்க்கின்சன் என்றார். மூளையின் அடிப்பக்கத்தில் டோபமின் சுரக்கிற கலங்கள் மெல்ல மெல்ல அழிகிற நோய். கை ஆடுவதற்கு மட்டும்தான் அந்த நோய் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டோம், டொக்டரும் வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆனால் பார்க்கின்சன் நோயாளிகளின் கண்ணைப் பற்றி 1980களிலிருந்தே ஆய்வுகள் இருக்கின்றன. இறந்தவர்களின் விழித்திரையை எடுத்துப் பார்த்தபோது அங்கேயும் டோபமின் குறைந்திருந்தது. கறுப்பு-வெள்ளை அட்டையில் நன்றாக வாசிக்கிறவர்கள் சாம்பல்மேல் சாம்பலைப் பிரிக்கத் திணறுகிறார்கள் என்பதும் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. விழித்திரை மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்லக்கூடாது, மூளையின் பார்வைப் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அப்பாவின் முறைப்பாடு கற்பனை இல்லை. சாட்சி சொன்ன அட்டைதான் வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. இதை அளக்க வேறு அட்டையே இருக்கிறது: 1988இல் வந்த பெல்லி-ராப்சன் அட்டை. அதில் எழுத்து சிறுக்காது. எல்லாம் ஒரே அளவு. கீழே போகப் போக வெளுத்துக்கொண்டே போகும். இறப்பர்ப் பட்டையில் வெட்டுக்கோடு இருப்பது அந்த அட்டையின் அடிவரிகள் மாதிரித்தான், பழுப்பின்மேல் பழுப்பு.

டோபமின் கதையில் நம்ம மண்ணுக்கும் ஒரு இடம் உண்டு. 1957இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்து அசையாமல் ஆக்கினார். பிறகு எல்-டோப்பா ஊசி போட்டதும் அவை எழுந்து உலாவின. மூளையில் டோபமினுக்குத் தனி வேலை இருக்கிறது என்று அப்படித்தான் புரிந்தது. 2000இல் அவருக்கு நோபல். 1963இல் அதே சுவீடனில், அதே முயலின் விழித்திரையிலும் டோபமின் கலங்கள் இருப்பதற்குச் சான்று கிடைத்தது. அந்த ரெசர்பின் எடுக்கப்பட்டது நம்ம நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தின சர்ப்பகந்தியிலிருந்து. எல்-டோப்பாவோ பூனைக்காலி விதையில் நிறைய இருக்கிறது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஆமா, பள்ளிக்கூடத்தில் முதுகில் தேய்த்துவிட்டு ஓடுவோமே, அந்தச் சொறி பூனைக்காலிதான். அதன் சாதிசனம் ஒன்றை இறப்பர் மலைகளில் மண்ணை மூட நடுகிறார்கள்.

இதைச் சொன்னதும் எங்க சித்தப்பா ஒரு பை பூனைக்காலி விதையோடு வந்து நின்றார். மாத்திரை இருக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டோம். வேண்டாம் என்றார்கள். விதைக்கு விதை அளவு மாறும், மாத்திரையோடு சேர்ந்தால் கூடிப்போய் உடம்பு தன்னால முறுக்க ஆரம்பிக்கும். சித்தப்பாவுக்குக் கோபம். பை இன்னும் அட்டாலில் இருக்கிறது.

மாத்திரை தொடங்கின பிறகு கை கொஞ்சம் அடங்கியது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அப்பா "படி தெரியுது" என்றார். எந்தப் படி என்று அம்மா கேட்டார். "எல்லாப் படியும்." மருந்து ஏறியிருக்கிற நேரத்தில் தெரிகிறது, இறங்குகிற நேரத்தில் மறுபடி மங்குகிறது என்பார். எல்-டோப்பாவால் நோயாளிகளுக்கு இந்த வேறுபாடு பிரிக்கும் திறன் ஓரளவு மீள்வதாக ஆய்வுகளிலும் உண்டு. அதற்காக பழையபடி கத்தியை எடுக்க முடியாது. வேலையை விட்டு மூன்று வருசம் ஆகிறது. கைக்காகத்தான் நின்றார் என்று தோட்டத்துப் பதிவில் இருக்கிறது. காயத்துக்காகப் பிடித்த சம்பளத்தைப் பற்றி எந்தப் பதிவிலும் இல்லை.

அக்காவின் மகள் ஒருத்தி, வயசு எட்டு, எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்காகவும் இந்த டோபமினைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் கண்ணின் நீளம் அளவுக்கு மீறி வளர்ந்தால் கிட்டப்பார்வை வரும். கோழிக்குஞ்சின் கண்ணை மறைத்து வைத்தால் விழித்திரையில் டோபமின் குறைகிறது, கண் நீள்கிறது என்று 1989இல் கண்டார்கள். சீனாவின் குவாங்சோவில் பாடசாலை நேரத்தில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்ட பிள்ளைகளில், மூன்று வருசத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம் அளவில். விடாத பிள்ளைகளில் 40ஐ ஒட்டி. 2015இல் வெளியானது. வெளிச்சத்தில் டோபமின் சுரப்பதுதான் இதற்குக் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். நான் போனில் வெளிச்சம் அளக்கிற ஆப் போட்டுப் பார்த்தேன். எங்கள் காம்பராவுக்குள் பகல் பன்னிரண்டுக்கு 30 லக்ஸ். வாசலைத் தாண்டி, மப்பும் மந்தாரமுமான வானத்தில் 11,000. நாலு அடி வித்தியாசம். அதிலிருந்து அவள் வீட்டுப்பாடத்தை இஸ்தோப்பில் எழுதுகிறாள், எழுதி முடித்ததும் ஓடிவிடுகிறாள். மழை நாளில் மட்டும் உள்ளே.

அப்பாவுக்குச் செய்ததும் பெரிய வித்தை இல்லை. சாம்பல் சீமெந்துப் படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு அடித்தோம். வெள்ளைப் பீங்கானில் வெள்ளைச் சோறு போட்டால் துழாவுகிறார் என்று கவனித்து, கடும் நீலத்தில் ஒரு பீங்கான் வாங்கினோம். பிளேன்டீ வெள்ளைக் கோப்பையில், பால் டீ மண் நிறக் கோப்பையில். படிக்கோட்டில்தான் சண்டை. செம்மண் மிதிபட்டு வெள்ளை பத்து நாளில் படியோடு படியாகிவிடுகிறது, அம்மா தேய்த்துத் தேய்த்துச் சலித்துவிட்டார். மஞ்சள் அடிக்கலாம் என்கிறேன் நான். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "மஞ்ச வேணாம் பாப்பா, மண்ணு கூடச் சேந்துக்கும். கறுப்பு அடி. விளிம்புல கறுப்பு, மேல வெள்ள. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அடி." அடுத்த சம்பளத்துக்கு அரை லீற்றர் கறுப்பு வாங்கணும்.